பாம்புக்காதரும் கதிர்க்குருவியும்

பாம்புக்காதர் என்று அவருக்குப் பெயர் வைத்தது அவருடைய மோட்டார் பட்டறைக்கு வருகிறவர்கள்தான்; அவ்வளவு கூர்மையான காது. மோட்டாரை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "பேரிங் போச்சு" என்பார். கழற்றிப் பார்த்தால் அதுதான் போயிருக்கும். விடுமுறை நாளில் அதே காதோடு, வீடுகளுக்குப் பின்னால் இருந்த சதுப்பு நிலத்துக்குப் பறவை பார்க்கப் போவார். அங்கே நாணலுக்குள் கதிர்க்குருவிகள் இருந்தன. கட்டைவிரல் அளவுதான், கண்ணில் படுவது அபூர்வம். கீச்சுக்குரலை வைத்துத்தான் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும்.

நாணலை வெட்டி நடைபாதை போட நினைத்த நகராட்சிப் பொறியாளர், அங்கே குருவி இருக்கிறதா என்று முதலில் அவரைத்தான் கேட்டார். அவர் ஒரு வாரம் காலையில் போய் நின்றார். ஒரு சத்தமும் இல்லை. "குருவியெல்லாம் போயிடுச்சு சார். இனி வெட்டினா என்ன, வெட்டாட்டி என்ன" என்று மனம் வெறுத்துச் சொல்லிவிட்டார்.

வெட்டும் வண்டி வருகிற அன்று, கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று போனார். மருமகளும் கூட வந்தாள். பறவை என்றால் அவளுக்குக் காக்காயும் புறாவும்தான்.

"என்ன மாமா இது, காதைக் குடையுற மாதிரி கீச்சு கீச்சுன்னு?"

"எங்கம்மா?"

"இதோ, நம்ம முன்னாடியே. உங்களுக்கா கேக்கல?"

தொலைநோக்கியைத் தூக்கினார். நாணல் நுனியில் கதிர்க்குருவி. அலகு திறக்கிறது, மூடுகிறது, தொண்டை துடிக்கிறது. சத்தம் மட்டும் இல்லை.

அப்போதுதான் அவருக்கு, "டிவியை ஊருக்கே வைக்கிறீங்க" என்று மனைவி கத்தியபோது அவளிடம் எரிந்து விழுந்தது ஞாபகம் வந்தது.

அதற்குள் வண்டி உறுமிக்கொண்டு வந்து நின்றது. பொறியாளரும் வேடிக்கை பார்க்க அக்கம்பக்கத்தாரும் கூடிவிட்டார்கள்.

"சார், குருவி... திரும்பி வந்திருக்கு" என்றார் பாம்புக்காதர்.

"இன்னிக்கு வந்தது நாளைக்குப் போயிடும். நீங்கதானே இல்லன்னு சொன்னீங்க?"

அவர் தொலைநோக்கியைக் கீழே இறக்கினார். "திரும்பி வரல சார். அது போகவே இல்ல. என் காதுதான் போச்சு."

"பாம்புக்குக் காதே கிடையாதுன்னு நான் அப்பவே சொன்னேன்ல!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

பொறியாளர் வண்டியின் எஞ்சினை அணைக்கச் சொன்னார். சிரிப்பு அடங்கியது. "அட, எனக்கே கேக்குதே!" என்றார் வண்டிக்காரர்.

குருவி இன்னும் கத்துகிறதா என்று பாம்புக்காதர் நாணலைப் பார்க்கவில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் முகங்களைத்தான் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, வண்டியைத் திருப்பு" என்றார் பொறியாளர்.

வண்டி உறுமிக்கொண்டே போன சத்தம் மட்டும் பாம்புக்காதருக்கு நன்றாகக் கேட்டது.