இடது கைக்கு ஒரு நட்

நான் இடது கைக்காரி. நாற்பத்தைந்து வயதில் கிட்டார் கற்க ஆசைப்பட்டு கே.கே. நகரில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாளே வாத்தியார், "வலது கையாலேயே மீட்டிப் பழகிக்கோங்க மேடம், போகப்போக வந்துடும்" என்றார். பள்ளிக்கூடத்தில் எழுதப் பழகியபோதும் இதைத்தான் சொன்னார்கள். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

இடது கையால் மீட்ட வேண்டுமானால் கம்பிகளின் வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். அதற்கு நட்டையும் மாற்ற வேண்டும். நட் என்பது கிட்டாரின் கழுத்து முடிந்து தலை தொடங்கும் இடத்தில், கம்பிகள் பதிந்து செல்லும் சின்னப் பட்டை. தடித்த கம்பிக்கு அகலமான வெட்டு, மெல்லிய கம்பிக்குக் குறுகிய வெட்டு. அப்படியே திருப்பினால் தடித்தது உட்காராது, மெல்லியது ஆடும்.

புத்தூரில் ஒரு கடைக்கு எடுத்துப் போனோம். கேட்டது நான். கடைக்காரர் பதில் சொன்னது என் கணவரிடம்.

"சார், மேடத்துக்கு எடுத்துச் சொல்லுங்க. மாத்தினா கிட்டார் வீணாப் போயிடும்."

என் கணவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் வீட்டு வாசல் வருவதற்குள், ஸ்கூட்டரில் அவர் பின்னால் உட்கார்ந்தபடியே, நானே மாற்றிவிடுவதென்று முடிவு செய்தேன்.

வெட்டு போடாத எலும்பு நட் இரண்டும், ஊசி போன்ற அரங்களும் ஆன்லைனில் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் துணி விரித்து, பழைய நட்டை ஒரு மரத்துண்டு வைத்துத் தட்டிக் கழற்றினேன். ஒட்டியிருந்த பசையைச் சுரண்டினேன். புதியதன் அடியை உப்புத்தாளில் தேய்த்து மட்டமாக்கி, வெட்டுகளை அராவத் தொடங்கினேன். கோபத்தில் கை அழுந்திவிட்டது. மெல்லிய கம்பியின் வெட்டு ஆழமாகி, கம்பி கழுத்தின் மேலுள்ள முதல் உலோகக் கட்டையில் பட்டு இரைந்தது. "கடைக்காரர் அப்பவே சொன்னாரே" என்றார் கணவர். அவரைக் கடைக்கு அனுப்பினேன், பாலுக்கோ எதற்கோ.

இரண்டாவதை எடுத்தபோது, எங்களோடு இருக்கும் அம்மா வந்து நின்றாள்.

"அரத்தையாவது வலது கையால பிடியேண்டி."

அரத்தைக் கீழே வைத்தேன். கோயிலில் பிரசாதத்துக்கு இடது கையை நீட்டியதற்காக இவள் எல்லோர் முன்னாலும் அடித்தது, சாப்பாட்டில் கை மாறினால் கரண்டிக் காம்பால் போட்டது எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா மேஜையில் சிந்தியிருந்த எலும்புத் தூளை ஒரு விரலால் ஒதுக்கினாள். பிறகு, "உங்கப்பாவும் இடது கைதான். அவரோட அம்மா புறங்கையில சூடே வெச்சுட்டா. நான் அப்படியா பண்ணினேன்?" என்றாள்.

அப்பாவின் புறங்கைத் தழும்பு எனக்கு நன்றாகத் தெரியும். எண்ணெய் தெறித்தது என்றுதான் கடைசிவரை சொன்னார். வலது கையால் எழுதினார், சாப்பிட்டார், அம்மா என்னை அடித்தபோதெல்லாம் குறுக்கே வராமல் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. எல்லார் மேலும் கோபப்பட்டேன்.

அரத்தை மறுபடி எடுத்தேன், இடது கையில்தான். இரண்டு இழுப்பு, கம்பியை வைத்துப் பார்ப்பது, மறுபடி ஒரு இழுப்பு. வெட்டு தலைப்பக்கம் லேசாகச் சரிய வேண்டும் என்பதையும் மறக்கவில்லை. சாயங்காலம் ஆறு கம்பியும் இரைச்சலில்லாமல் ஒலித்தன. அம்மா உள்ளே போய்விட்டிருந்தாள்.

அடுத்த வகுப்பில் வாத்தியார் கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்தக் கடையில் செய்தீர்கள் என்று கேட்டார்.

"நான்தான் பண்ணினேன். பாடத்தை ஆரம்பிங்க" என்றேன்.