அத்தை நேராக்காமல் விட்ட கல்

என் அத்தை கல் பதிப்பவள். நடைபாதையின் விளிம்பைத் தாங்கி நிற்கும் நீளக் கற்கள் இருக்கின்றனவே, ஓரக்கற்கள், அவற்றைப் பதிப்பதும் பெயர்ந்தால் திரும்பப் பதிப்பதும்தான் நகராட்சியில் அவளுக்கு வேலை. ஊரில் அவளை நூலக்கா என்பார்கள். இரண்டு ஆணி அடித்து நடுவே நூலை இழுத்துக் கட்டாமல் அவள் ஒரு கல்லையும் வைத்ததில்லை. மயிரிழை துருத்தினாலும் கடப்பாரையால் நெம்பி எடுத்து மறுபடி வைப்பாள். நூல் பிடித்தாற்போல் என்று நாமெல்லாம் வாயால் சொல்வதை அவள் கையால் சொன்னாள்.

அப்படிப்பட்டவள்தான் ஒரு கல்லை நேராக்க மாட்டேன் என்று அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஊர் அதைத் திமிர் என்றது. திமிர்தான். அது என்ன மாதிரித் திமிர் என்பதுதான் கதை.

கடைத்தெரு வளைவில், நூல்கண்டும் பொத்தானும் விற்கிற கடைக்கு முன்னால் ஓர் இடம் உண்டு. அத்தை எவ்வளவு கச்சிதமாகப் பதித்தாலும் ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் அங்கே ஒரு கல் வடக்கே போயிருக்கும், பக்கத்துக் கல் தெற்கே போயிருக்கும். எதிர் ஓரத்திலும் அதே கதை. காய்கறி லாரிதான் பின்னால் வந்து இடிக்கிறது என்று அத்தை முடிவு கட்டினாள். ஒருநாள் காலையில் லாரியை மறித்து நின்றே விட்டாள்.

"ஏன்யா, உனக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதா? இல்ல, என் கல்லு மேல உனக்கு ஏதாச்சும் கோவமா?"

"அக்கா, நான் இந்தப் பக்கம் வண்டியே நிறுத்துறதில்ல!"

"அப்ப கல்லு என்ன, காலார நடந்து போச்சா?"

நடந்துதான் போயிருந்தது. ஆனால் அது அப்போது அவளுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது என்று சொல்ல முடியாது. பூமியின் இரண்டு தட்டுகள் உரசிக்கொள்ளும் பிளவு எங்கள் ஊர் வழியாகப் போகிறது என்பது எல்லா வரைபடத்திலும் இருக்கிறது. எந்தத் தெரு வழியாக, எந்தச் சுவருக்கு அடியில் என்பதுதான் தெரியாமல் போயிற்று. காரணம் ஊரின் சுத்தம். கதவு இறுகினால் தச்சரைக் கூப்பிட்டு இழைத்துவிடுவோம். தாழ்ப்பாள் துளையில் விழவில்லையென்றால் துளையை நகர்த்துவோம். சுவரில் கீறல் கண்டால் அன்றே பூசி, மறுநாள் சுண்ணாம்பு அடிப்போம். "வீட்டுக்கு வயசாகுது" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போவோம். பூமி நகர்கிறது, நாங்கள் பூசி மெழுகுகிறோம். இப்படியே தலைமுறைகள் போய்விட்டன.

இதைக் கண்டுபிடித்தவள் வெளியூரிலிருந்து வந்த ஒரு நிலவியல்காரி. இடுப்பில் சுத்தியலோடு திரிந்ததால் சுத்தியல் மேடம் என்று பேர் வைத்தார்கள். பிளவு எங்கே தரையைத் தொடுகிறது என்று தெருத் தெருவாகத் தேடி, ஒன்றும் கிடைக்காமல், கடைசியில் வளைவில் கல் பதித்துக்கொண்டிருந்த அத்தையின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, இந்தக் கல்லு ஏன் புதுசா இருக்கு?"

"வருசா வருசம் கோணிக்கும். நான் நேராக்கிடுவேன்." அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை.

"வருசா வருசமா?"

"நான் வேலைக்குச் சேந்ததுல இருந்து. ஒரு வருசம்கூட விட்டதில்ல."

மேடம் தலையில் கை வைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாளாம். "நான் தேடுற தடயத்தையெல்லாம் அழிச்சது நீங்கதானா!"

அன்று இருவரும் தேநீர்க்கடைப் பலகையில் வெகுநேரம் பேசினார்கள். மேடம் அத்தைக்குப் பூமியைச் சொல்லிக்கொடுத்த விதம் எனக்குப் பிடிக்கும். நாம் நிற்கிற மேலோடு மெல்லியது, அது துண்டு துண்டாக உடைந்து கிடக்கிறது, அந்தத் துண்டுகள்தான் தட்டுகள் என்றாள் மேடம். அதற்குக் கீழே கவசம், பெரும்பாலும் திடப்பாறை, ஆனாலும் மெல்ல ஓடுகிறது என்றாள். அத்தை சிரித்தாள். பாறை எப்படி ஓடும்? மேடம் சுற்றிலும் பார்த்துவிட்டு, சாலை போடுகிறவர்கள் வைத்திருந்த தார் பீப்பாயைக் காட்டினாள்.

"அதைச் சுத்தியலால அடிச்சா என்ன ஆகும்?"

"ஆறின தாரா? சில்லு சில்லா உடையும்."

"சாய்ச்சு வச்சிட்டு ரொம்ப நாள் கழிச்சு வந்து பாத்தா?"

அத்தை யோசித்தாள். வழிந்திருக்கும். அவளே எத்தனையோ தடவை திட்டிக்கொண்டே சுரண்டி எடுத்திருக்கிறாள். "அட, ஆமா!" என்றாள். உடைகிற பொருளே ஓடவும் செய்யும், அவசரப்படாமல் இருந்தால். அதற்கும் அடியில் உருகிய இரும்பு, அதற்கு நடுவே பெரும் அழுத்தத்தால் உருகாமல் கெட்டியாகவே இருக்கும் இரும்புக் கரு என்று மேடம் சொன்னதையெல்லாம் அத்தை காதில் வாங்கிக்கொண்டாள். ஆனால் அவள் மனதில் தங்கியது தார்தான். உள்ளே இருக்கிற சூட்டில் கவசம் ஓடுகிறது, மேலே இருக்கிற தட்டு நகர்கிறது, அந்த நகர்வின் கடைசி நுனியில் நூல்கண்டுக் கடைக்கு முன்னால் ஒரு கல் கோணுகிறது.

"கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்துட்டே இருந்தா பெருசா நிலநடுக்கம் ஒண்ணும் வராதுன்னு சொல்றாங்களே மேடம்?"

"மேல நகருது. அடியில பூட்டிக்கிட்டு நிக்குதோ என்னவோ? அது எப்ப விடும்னு என்னாலயும் சொல்ல முடியாது. ஆனா இந்தக் கோட்டு மேல கட்டுறது எதுவும் ஒழுங்கா நிக்காது. அது மட்டும் நிச்சயம்."

மேடத்தின் வேலைக்காலம் முடிந்து அவள் போய்விட்டாள். அத்தை அன்றிலிருந்து அந்த இரண்டு ஓரங்களையும் தொடவில்லை. நகராட்சி மேற்பார்வையாளர் கேட்கும்போதெல்லாம், "ஆகட்டும் தம்பி, அடுத்த மாசம்" என்பாள். அடுத்த மாதங்கள் வருடங்களாயின. கல் உள்ளங்கை அகலத்துக்கு விலகிவிட்டது. இரண்டு தட்டுகள் சந்திக்கிற இடத்தில் ஆளுக்கொரு பக்கம் கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளச் சீட்டு வாங்கி வரிசையில் நிற்கிறவர்களை நான் வேறு நாடுகளில் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் அதே மாதிரி இடத்தில் ஜனங்கள் இடறி விழுந்து அத்தையைத் திட்டினார்கள்.

இந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத் திட்டம் வந்தது. வளைவுக்கு எதிரே கிடந்த காலி மனையில் சின்னக் குழந்தைகளுக்கு மூன்று மாடி. பிளவு இல்லை என்று நில ஆய்வு அதிகாரி நேரில் பார்த்துச் சொன்னால்தான் அனுமதி. அதிகாரி வரும் நாளும் குறித்தாகிவிட்டது.

அந்த மனைக்குப் பின்னால்தான் அத்தையின் வீடு.

வீட்டை விற்றுவிட்டு மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட வேண்டும் என்பது மாமாவின் பல நாள் ஆசை. மாமா வயரிங் வேலை செய்து முட்டி தேய்ந்தவர், இனி ஏணி ஏற முடியாது. பள்ளிக்கூடம் வந்தால் வீட்டுக்கு நல்ல விலை வரும். பிளவு அந்த வழியாகத்தான் போகிறது என்று எழுதிவிட்டால் சும்மா கொடுத்தாலும் ஒருவரும் வாங்கமாட்டார்கள். சமையலறைச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு கீறல் இருந்தது. மாமா அதைப் பட்டி வைத்து அடைத்து, வண்ணம் பூசி, அதற்கு முன்னால் பாத்திர அலமாரியை இழுத்து வைத்திருந்தார். ஊர்ப் பழக்கம்தான், அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் காலையில் மேற்பார்வையாளர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, இன்னைக்குள்ள அந்தக் கல்ல நேராக்கிடுங்க. சேர்மன் சொல்லச் சொன்னாரு."

"முடியாது தம்பி."

"ஏன், இடுப்பு வலியா?"

"இடுப்பு நல்லா இருக்கு. மனசுதான் வளைய மாட்டேங்குது."

"அக்கா, இது உத்தரவு."

"உத்தரவ பூமிகிட்டக் காட்டுங்க. அது நின்னா நானும் நேராக்குறேன்."

அவர் போனதும் மாமா பிடித்துக்கொண்டார். "அடியே, ஊர்ல எவ்வளவோ கல்லு கோணலா கெடக்கு. உனக்கு இந்த ஒரு கல்லுலதான் நியாயம் பொறக்கணுமா? நம்ம வீடும் அதே கோட்டுல இருக்குன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"இத்தன வருசம் நேராக்குனவ நான்தான். தெரியாம பண்ணேன், அது வேற. இப்பத் தெரிஞ்சே நேராக்கி, அது மேல பச்சப் புள்ளைங்கள உக்கார வைக்கச் சொல்றீங்களா?"

மாமா எழுந்து வெளியே போய்விட்டார். சாப்பிடவும் வரவில்லை. எனக்கு அவர்மேல் அன்று பரிதாபம் வந்தது. அத்தைமேல் வரவில்லை. அவளுக்காகப் பரிதாபப்படுவது மலைக்குக் குடை பிடிக்கிற வேலை.

மறுநாள் காலையில் மேற்பார்வையாளர் இரண்டு ஆட்களோடும் கலவைச் சட்டியோடும் வளைவுக்கு வந்தார். அத்தை அதற்கு முன்பே வந்து கோணல் கல்லின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கடைக்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். நானும் நின்றேன்.

"எந்திரிங்க அக்கா, அசிங்கமா இருக்கு" என்றார் மேற்பார்வையாளர்.

"கல்ல எடுக்கணும்னா என்னையும் சேத்துத் தூக்குங்க. பாத்து, நான் கனம்."

ஆட்கள் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். இருவரும் அவளோடு பல காலம் வேலை பார்த்தவர்கள். ஒருவர் காதைச் சொறிந்தார். "சார், அக்கா மேல கடப்பாரை பட்டா எங்க வீட்டுல எங்களுக்குச் சோறு கிடைக்காது."

"வேலைய விட்டே தூக்கிடுவேன்!" என்று மேற்பார்வையாளர் கத்தினார். அவர்களைச் சொன்னாரா அத்தையைச் சொன்னாரா என்று தெரியவில்லை.

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். "தூக்கு. ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். இந்த ஊருல எந்தக் கல்லு நேரா நிக்குதோ அது நான் வச்சது. இந்த ஒண்ண மட்டும் நான் வைக்கல, அதுவா நகர்ந்து நிக்குது. எங்க நிக்குதோ அங்கயே நிக்கட்டும்."

யாரோ கை தட்டினார்கள். யாரோ, "பைத்தியம் புடிச்சிருக்கு" என்றார்கள். இந்தக் கூத்துக்கு நடுவில்தான் அதிகாரியின் ஜீப் வந்தது. இளைத்த மனிதர், கழுத்தில் கண்ணாடி தொங்கியது. கூட்டத்தைப் பார்த்து விபத்து என்று நினைத்து இறங்கி ஓடிவந்தார்.

"யாருக்கு அடி பட்டிருக்கு?"

"யாருக்கும் படல. படக்கூடாதுன்னுதான் உக்காந்திருக்கேன்" என்று அத்தை எழுந்து கல்லைக் காட்டினாள்.

அவர் குனிந்து பார்த்தார். தெருவைத் தாண்டி எதிர் ஓரத்திலும் பார்த்தார். பிறகு அத்தையின் நூலுக்குக் கை நீட்டினார், அவள் கொடுத்தாள். இந்தப் பக்கத்து விலகலில் ஓர் ஆணி, அந்தப் பக்கத்து விலகலில் ஓர் ஆணி. நூல் தெருவைக் குறுக்கே வெட்டியது. அதன் நீட்சியில் கண்ணை ஓட்டினால் காலி மனையின் நட்டநடு. அதிகாரி பெருமூச்சு விட்டார். மேற்பார்வையாளர் கலவைச் சட்டியைக் காலால் ஒதுக்கினார்.

"போதும்மா, எனக்குப் புரிஞ்சுது" என்றார் அதிகாரி.

அத்தை அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று, குழந்தைகளும் தப்பித்தாயிற்று. நிறுத்தவில்லை.

"இன்னும் முடியல சார். வாங்க."

மனையைக் கடந்து, வேலிப் படலைத் தள்ளி, தன் வீட்டுப் பின்வாசல் வழியாக அவரைச் சமையலறைக்குள் கூட்டிப்போனாள். மாமா அங்கே நின்றுகொண்டிருந்தார். அலமாரிக்கு முன்னால், அதை மறைத்துக்கொண்டு.

"நகருங்க" என்றாள் அத்தை.

"வேணாம்டி."

"ஊரான் சுவத்துக்கு ஒரு நியாயம், நம்ம சுவத்துக்கு ஒரு நியாயமா? நகருங்க."

அவர் நகரவில்லை. அவள் அலமாரியின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். பாத்திரங்கள் கலகலத்தன. ஒரு தட்டு விழுந்து உருண்டு அதிகாரியின் காலடியில் படுத்தது. பட்டியும் வண்ணமும் பூசிய இடம் மறுபடியும் வாய் பிளந்திருந்தது, மாமா பூசி இன்னும் ஒரு மழைகூடப் பெய்யவில்லை. அதிகாரி விரலை உள்ளே விட்டுப் பார்த்தார்.

பள்ளிக்கூடம் கடைத்தெருவின் மறுகோடியில், பழைய சரக்குக் கிட்டங்கி இருந்த இடத்துக்குப் போயிற்று. அத்தையைச் சாக்கடைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அவள் அங்கேயும் மேற்பார்வையாளரைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறாள், அவருக்குத்தான் முகம் சிவக்கிறது. வீடு விலைபோகவில்லை. சமையலறையில் இனி ஆள் புழங்கக்கூடாது என்று அதிகாரி எழுதினார். முன்னறைகளைப் பற்றிக் கேட்டதற்கு, "இருக்கலாம். இருக்காம இருந்தா நல்லது" என்றார்.

"நல்லதுக்கு எங்க போறது? இருக்குறோம்" என்றாள் அத்தை.

மாமா ஒரு வாரத்துக்கு மேல் அவளோடு பேசவில்லை. உப்பு வேண்டும் என்றால்கூட என்னிடம் சொல்லி அவளிடம் சொல்லச் சொன்னார். ஒரு விடுமுறை நாள் காலையில் தடால் தடால் என்று சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தோம். நகராட்சி வந்து இடிக்கும்வரை காத்திருக்க அவளால் முடியவில்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சமையலறைச் சுவரை அவளே பெயர்த்துக்கொண்டிருந்தாள். செங்கல் தூள் புகையாகக் கிளம்பியது. மாமா வாசலில் நின்று வாயைத் திறந்தார், மூடினார், பிறகு அடக்க முடியாமல் கத்தினார்.

"அடியே அறிவு கெட்டவளே! முதல்ல கேஸ் சிலிண்டர வெளிய எடுடி!"

"நீங்க எடுங்க. என் கை வேலையா இருக்கு" என்றாள் அத்தை, திரும்பிப் பார்க்காமல்.