பூட்டிய அறைக்கு ஒரு நாளிதழ்

பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு விடுதி. வெளியே மெட்ரோ தூண்களுக்கிடையே வண்டிகள் இரைகின்றன. மாடித் தாழ்வாரத்தில் மட்டும் சத்தமே இல்லை.

"பேப்பர் போடறதில்லையாம்மா?" என்று தரை துடைக்கும் கன்னியம்மாவிடம் கேட்கிறேன்.

"பேப்பரா? எந்தக் காலத்துல கீற சார்? எல்லாரும் போன்லயே பாத்துக்கிறாங்கன்னு நிறுத்திட்டாங்க. முன்னெல்லாம் மத்தியானம் வரிக்கும் அது கதவாண்டயே கெடந்தா, உள்ள இருக்கிறவருக்கு இன்னாவோன்னு தட்டிப் பாப்போம். இப்ப யாரு தட்றா?"

நான் தங்கியிருக்கும் அறைக்கு எதிர் அறையில்தான் போன வருடம் என் தம்பி இறந்தான். அப்போது நான் பருத்திப்பட்டில் குடியிருந்தேன். சமாதானம் பேச வந்தவனை வீட்டில் சேர்க்காமல், இங்கே தங்கச் சொன்னேன். மறுநாள் அவன் போனை எடுக்கவில்லை. பக்கத்தில்தான் இருந்தேன், வீம்பில் வந்து பார்க்கவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் கதவை உடைத்தார்கள்.

அந்த அறையை இப்போது யாருக்கும் கொடுப்பதில்லை, பூட்டு தொங்குகிறது. மறுநாள் காலையில் ஒரு நாளிதழ் வாங்கி அதன் வாசலில் வைத்துவிட்டு வெளியே போகிறேன்.

மத்தியானம் திரும்பும்போது தாழ்வாரத்தில் யாரும் இல்லை. நாளிதழின் ஓரம் மட்டும் கதவுக்கு வெளியே தெரிகிறது. மீதி கதவின் அடி இடுக்கு வழியாக உள்ளே போயிருக்கிறது. யாராவது காலால் தள்ளியிருக்கலாம்.

ஆனாலும், அன்றே தட்டியிருக்க வேண்டிய கதவைத் தட்டுகிறேன்.

வெளியே தெரிந்த ஓரமும் மெல்ல உள்ளே போகிறது.