விசாரணைக்கு முன் வரும் விக்கல்

மருந்துக்கடையில் நிற்பவனுக்குச் சீக்கிரமே ஒன்று விளங்கிவிடும்: ஆட்களின் வயிற்றைக் குழப்புவது பாதி நேரம் சாப்பாடு அல்ல, காகிதம்.

நான் வேலை செய்த கடை மன்னார் பட்டினத்தில், காணிக் கந்தோருக்கு, அதாவது நில அலுவலகத்துக்கு, நேர் எதிரே இருந்தது. சண்டை முடிந்து, இந்திய அகதி முகாம்களிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் சனம் திரும்பி வந்து, காணி உறுதி, பெர்மிட், பிறப்புப் பத்திரம் என்று அலைந்த காலம். உள்ளே போகுமுன் பாதிப் பேர் எங்களிடம்தான் வருவார்கள். நெஞ்சுக்குள் காற்று அடைத்திருக்கும், இல்லாவிட்டால் விக்கல் பிடித்திருக்கும். பயம் வந்தால் நம்மை அறியாமலே வாயால் காற்றை விழுங்குகிறோமே, அந்தக் கூட்டம். வாசிக்கிற உங்களில் சிலரும் அதில் இருப்பீர்கள், வெட்கப்பட வேண்டாம்.

நானும் அந்தக் கூட்டந்தான். நாங்கள் தோணி ஏறி இந்தியாவுக்குப் போன பிறகு, நறுவிலிக்குளத்தில் அப்பாவின் காணியில் வேறொரு குடும்பம் குடியேறியிருந்தது. அந்த விசாரணைக்கு நானும் காத்திருந்தேன். காணி கிடைத்தால்தான் அம்மாவை முகாமிலிருந்து கூட்டிவந்து வைக்க ஓர் இடம். மத்தியானங்களில் கடல் வெளிச்சம் தெருவரைக்கும் வந்து நிற்கும், கந்தோர் வாசலில் கழுதைகள் நின்றபடியே நித்திரை கொள்ளும். பார்த்துக்கொண்டிருந்தால், காத்திருப்பது நானா கழுதையா என்பதே மறந்துபோகும்.

இரண்டு போத்தல் சோடா

கோப்பும் கையுமாக ஒரு பெரியவர் வந்தார். பக்கத்துக் கடையில் இரண்டு போத்தல் சோடாவை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வந்திருந்தார். ஏப்பம் வந்தால் காற்று போய்விடும், காற்றோடு பயமும் போய்விடும் என்பது அவர் நினைப்பு. அந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள். சோடா போகும்போது சும்மா போவதில்லை, இன்னும் கொஞ்சம் காற்றை உள்ளே கொண்டுபோகும். கந்தோருக்குள் போனவர் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து, “பேர் என்ன எண்டு கேட்டவை. பேருக்கு முதல் ஏப்பந்தான் வந்தது” என்றார்.

கடைக்காரர் பக்கத்துத் தாராபுரத்து முஸ்லிம், எல்லோருக்கும் அவர் ‘நானா’, நெடுநாள் புத்தளத்தில் இருந்துவிட்டு வந்தவர். மருந்து விற்கிறவர், ஆனால் இந்த வருத்தத்துக்கு மட்டும் மருந்து விற்கமாட்டார். “இரிங்க. சுடுதண்ணி மூணு மிடறு. ஒவ்வொரு மிடறுக்கும் கிளாஸ எடுத்துட்டு மூச்ச மெதுவா வெளிய உடுங்க” என்று கதிரையைக் காட்டினார். பிறகு தெருமுனைவரை நடந்துவிட்டு வரச் சொன்னார். பெரியவர் வெயிலுக்குள் கரைந்து போய், அதே வெயிலிலிருந்து திரும்பி வந்தார். முகம் தெளிந்திருந்தது. “காத்துப் போயிட்டுது தம்பி. பயம் மட்டும் உள்ளுக்கை இருக்கு. அது எத்தினையோ வருசமாப் பழகினது, கிடந்திட்டுப் போகட்டும்.”

கோட்டுப் போட்ட விக்கல்

ஒருநாள் ஓட்டோவிலிருந்து ஒரு மாப்பிள்ளை இறங்கினார். வங்காலைக் கத்தோலிக்கக் கோயிலில் இன்னும் ஒன்றரை மணித்தியாலத்தில் கலியாணம். கடலில் புயலுக்குள் வலை இழுத்தவராம், கோட்டுப் போட்டவுடன் விக்கத் தொடங்கிவிட்டார். ஒரு கரண்டி சீனியை நாக்கில் போட்டு மெல்லக் கரையவிடச் சொன்னேன். நின்றது. “சுவாமி சம்மதமா எண்டு கேக்கேக்கை திரும்ப வந்தால்?” என்று கேட்டார். மூச்சைப் பிடித்து, மனதுக்குள் பத்துவரை எண்ணிவிட்டுப் பதில் சொல்லச் சொன்னேன். பீடத்துக்கு முன்னால் ஒரு மாப்பிள்ளை பத்து எண்ணும்வரை பேசாமல் நின்றால் பெண் வீட்டார் என்ன பாடுபடுவார்கள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அடுத்த கிழமை இருவரும் கடைக்கு வந்தார்கள். அவர் நான்கு முறை விக்கினாராம், ஒரு மாமா வெளியே எழும்பிப் போகவும் பார்த்தாராம். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். பெண் தடுத்தாள். “அதுக்கு முன்னும் பின்னும் விக்கினவர். ‘சம்மதம்’ எண்டு சொல்லேக்கை விக்கேல்லை. நான் கவனிச்சுக்கொண்டு நிண்டனான்.”

வேண்டாம் என்றவர்

இன்னொருவர், காணாமல்போன மகனைப் பற்றி வாக்குமூலம் கொடுக்க வந்த தாய். விக்கி விக்கி வந்து வாங்குப் பலகையில் இருந்தார். நான் தண்ணீரைக் கொடுத்தேன், வாங்கவில்லை. சீனியைக் கொடுத்தேன், கையால் மறித்தார். கண்ணை மூடிக்கொண்டு, தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்பவர் மாதிரி இருந்தார். கடை முழுக்க அந்த ஒரு சத்தந்தான். நானா விசிறியை நிறுத்தினார். எனக்கு அழுகை வந்தது, மாத்திரைப் பெட்டிகளை அடுக்குவதுபோல் திரும்பி நின்றேன்.

“நிப்பாட்டாதை தம்பி. அவன் எங்கையோ இருந்து என்னை நினைக்கிறான். இது நிண்டுபோனால் நான் என்னண்டு அறியிறது?”

என் தவணை

என் விசாரணையின் மூன்றாம் தவணை நாளும் வந்தது. எதிர்த்தரப்பு இராசையா அண்ணர், எங்கள் காணியில் இருப்பவர். ஷெல்லடியில் தன் ஊரை விட்டு ஓடிவந்தவர். முந்தின இரண்டு தவணையிலும் அவர் விக்கியே நேரம் போய்விட்டது. உத்தியோகத்தர் முதலில் என்னைக் கேட்டார். கிணறு அப்பா வெட்டியது என்றேன். அது உண்மை. பன்னிரண்டு தென்னையும் எங்களுடையது என்றேன். அது பொய். அம்மாவின் முகம் கண்ணுக்குள் நின்றது, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பிறகு அவர் முறை. வாயைத் திறந்தார், விக்கல். மறுபடி திறந்தார், விக்கல். உத்தியோகத்தர் பேனையை எடுத்து, “இண்டைக்கும் பதில் இல்லை எண்டால் இவர் சொன்னதை வைச்சுத்தான் நான் எழுத வேணும்” என்றார். நான் பேசாமல் இருந்தால் போதும். காணி எனக்கு, அம்மாவுக்கு வீடு. ஆனால் அந்த மனிதர் கண் கலங்கி விக்கிக்கொண்டிருந்தார், எனக்கோ அதைப் பார்த்துக்கொண்டு இருந்து பழக்கமில்லை. கால் தானாக எழும்பிவிட்டது. “அண்ணை, மூச்சைப் பிடிச்சுக்கொண்டு குனியுங்கோ, செருப்புப் பட்டி பூட்டிற மாதிரி. நான் பத்து எண்ணுறன்.”

எண்ணினேன். அறை தண்ணீருக்கு அடியில் போனதுபோல் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் ஆடியது, வெளியே காற்று கடலைத் தள்ளிக்கொண்டு போனது. பத்தில் அவர் நிமிர்ந்தார். விக்கல் இல்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உத்தியோகத்தரிடம் சொன்னார்: “கிணறு இவரின்ரை தகப்பன் வெட்டினதுதான், நான் வரேக்கை இருந்தது. தென்னை பன்ரண்டும் நான் வைச்சது. இந்தத் தம்பி சின்னனிலை போனவர், பிழையா நினைச்சிருப்பார்.”

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் முழுக் காணியும் எனக்கு வந்திருக்கும். விக்கலை நிறுத்திக் கொடுத்ததால், கிணற்றுப் பக்கம் எனக்கு, தென்னைப் பக்கம் அவருக்கு என்று உத்தியோகத்தர் பிரிக்க, பாதிதான் வந்தது, அந்தப் பாதியில் இப்போது அம்மா இராசையா அண்ணரின் மனைவியோடு வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாய் நாள் முழுக்கக் கதைத்துக்கொண்டிருக்க, அண்ணரின் பெயரைக் கேட்டால் எனக்குத்தான் இன்னும் விக்கல் வருகிறது.