வடிகட்டிக்குப் பொட்டு வைத்த நாள்

உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு நான் நர்ஸாக வந்தது ஐம்பதுகளின் கடைசியில். தெற்கே கடலோரத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். எதைப் பார்த்தாலும் உள்ளே என்ன இருக்கிறதென்று நோண்டுவேன்; கோபமோ மூக்கின் மேலேயே இருக்கும். இரண்டாலும் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமில்லை.

அங்கே என்னை முதலில் இழுத்தது வார்டு மூலையில் இருந்த தண்ணீர் பில்டர். மேலே ஒரு தொட்டி, கீழே ஒரு தொட்டி. மேல் தொட்டிக்குள் மெழுகுவர்த்தி மாதிரி இரண்டு வெள்ளைப் பீங்கான் குழல்கள். கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் அந்தக் குழல்களின் சுவர் வழியே கசிந்து கீழே சொட்டும். ஒரு குழலைக் கழற்றி ஆட்டிப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் பொந்து. கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் கிருமியைப் பிடித்துக்கொள்கின்றன என்றார் டாக்டர். தெரியாத ஓட்டை தெரியாத கிருமியைப் பிடிக்கிறதாம்! நம்பத்தான் வேண்டியிருந்தது. நோயாளி வாயில் வேறு தண்ணீர் படக்கூடாது என்பது அவர் உத்தரவு.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு டாக்டர் சொந்த ஊருக்குப் போயிருந்தார். காலையில் நான் வந்து பார்த்தால் மூலையில் பில்டர் இல்லை. கம்பவுண்டர் மேஜையில் கத்தரிக்கோல், தராசு, பம்ப் ஸ்டவ் எல்லாம் சந்தனமும் குங்குமமுமாக வரிசையில் உட்கார்ந்திருந்தன. நடுவில் பில்டர், காலி செய்து கழுவித் துடைத்து, சாமந்தி மாலையோடு. குழல்கள் இரண்டுக்கும் விபூதிப் பட்டை வேறு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதற்கு இதெல்லாம் என்று கம்பவுண்டரைக் கேட்டேன். உழைக்கிற கருவிக்கு வருஷத்தில் ஒரு நாள் ஓய்வு, தறியானாலும் ஏரானாலும் இன்றைக்குத் தொடமாட்டார்கள், நாளைக் காலை பூஜை முடிந்துதான் எடுப்பார்கள் என்று பொறுமையாகச் சொன்னார். கருவிக்கும் அலுப்பு உண்டு என்று நினைக்கிற மனசு எனக்குப் பிடித்திருந்தது.

அப்படியென்றால் இன்றைக்கு நோயாளிகள் எதைக் குடிப்பது என்றேன். அவர் அதை யோசிக்கவே இல்லை. ஒரு நாள் கிணற்றுத் தண்ணீர் குடித்தால் என்ன ஆகிவிடும் என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மழை பெய்து கிணறு கலங்கிக் கிடந்தது. வார்டில் சாலவாக்கம் பக்கத்திலிருந்து வந்த கூலிக்காரப் பெண்ணின் சின்ன மகள் சீதபேதியில் எலும்பும் தோலுமாய்க் கிடந்தாள். முந்தின நாள்தான் ரத்தம் போவது நின்றிருந்தது. கெட்ட தண்ணீர் ஒரு வாய் உள்ளே போனால் பிள்ளை தாங்காது. எனக்கும் தெரியும், அவள் அம்மாவுக்கும் தெரியும். நான் விறுவிறுவென்று போய் பில்டரில் கை வைக்கப் போனேன்.

“சிஸ்டர், உங்களுக்கு இதெல்லாம் தெரியாது. சாமிக்கு வெச்சதுல கை வெக்காதீங்க” என்றார் கம்பவுண்டர்.

வார்டே என்னைப் பார்த்தது. ஊருக்குப் புதியவள், வேறு மதத்துக்காரி. கை தானாகப் பின்வாங்கியது. அந்த அவமானம் இன்றைக்கும் சுடுகிறது.

அந்தப் பிள்ளையின் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் அலுமினியக் குண்டானை எடுத்துக்கொண்டு, நோயாளிகளின் வீட்டார் சமைக்கிற புளியமரத்தடிக்கு நடந்தாள். “அடுப்புக் கல்லுக்கு யாரும் பொட்டு வெக்கலியே சிஸ்டர்” என்றாள். நான் சொன்னபடி தண்ணீரைத் துணியில் வடித்து, தளதளவென்று கொதிக்கவிட்டு ஆற்றினாள். மகள் குடித்தாள்.

பக்கத்துக் கட்டிலில் டைபாய்டு காய்ச்சலோடு ஒரு நெசவாளி. அவர் மனைவி கிணற்றுத் தண்ணீர்ச் சொம்பை அவர் வாயருகே கொண்டுபோனாள். பிடுங்கி ஜன்னல் வழியே கொட்டினேன். குண்டானிலிருந்து கொடுக்கச் சொன்னேன். அவள் குண்டானைப் பார்த்தாள், பிறகு அதைக் கொண்டுவந்தவளைப் பார்த்தாள். சேரிக்காரி. அந்தப் பார்வை என்னவென்று வார்டில் எல்லோருக்கும் புரிந்தது.

கூலிக்காரப் பெண் குண்டானைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினாள். என்னையே ஊற்றச் சொன்னாள், தான் தள்ளி நின்றுகொள்வதாகச் சொன்னாள். நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் நெசவாளி தண்ணீர் தண்ணீர் என்று முனகினார்.

மனைவி டம்ளரை நீட்டினாள். “ஊத்துங்க சிஸ்டர். ஆபத்துக்குப் பாவமில்ல” என்றாள். கடுமையாகக்கூடச் சொல்லவில்லை, பெரிய மனசு பண்ணுகிற மாதிரி சொன்னாள்.

ஒருவர் குடித்ததும் மற்றவர்களும் டம்ளரை நீட்டினார்கள். சாயங்காலம் வரை அந்தப் பெண் குண்டான் குண்டானாகக் காய்ச்சினாள். யாருக்கும் வயிறு கெடவில்லை.

பொழுது சாயும்போது நானும் அடுப்பருகே போய் உட்கார்ந்தேன். அவள் நெருப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்.

“ஏன் சிஸ்டர், நாளிக்கு பில்டரு வந்துடும். அப்போ என் தண்ணி மறுபடியும் பாவமாயிடுமா?”

அவள் குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஊரையெல்லாம் கேள்வி கேட்டே குடைகிற நான் ஒரு விறகை எடுத்து அடுப்புக்குள் தள்ளினேன். அதற்குள் வார்டிலிருந்து யாரோ தண்ணீர் கேட்டார்கள். அவள் குண்டானைத் தூக்கிக்கொண்டு போய் வாசற்படிக்கு வெளியே வைத்துவிட்டு, ஊற்றுவதற்கு என்னைக் கூப்பிட்டாள்.