சத்தமில்லாத கொலுசு

அறுபதுகளில் பனியன் கம்பெனியில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அடுக்கிலிருந்து நூல் மூட்டை சரிந்து என் தலையில் விழுந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். “மூளைக்குள்ள பட்ட அடி ஆற நாளாகும். சத்தம் ஆகாது, கோபம் வரும்” என்றார் டாக்டர்.

காயம் ஆறியது, நான் ஆறவில்லை. தம்ளர் விழுந்தால்கூட மண்டைக்குள் இடித்தது. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. பேய் பிடித்திருக்கிறது என்றார்கள் பக்கத்து வீட்டில்.

ஒரு காலையில் சின்ன மகளின் கொலுசுச் சத்தம் பொறுக்காமல், “அதைக் கழட்டி எறி!” என்று கத்தினேன். அவள் நடுங்கிப்போனாள். என்னைக் கண்டு எனக்கே பயமாகிவிட்டது. காதர்பேட்டைத் தெருக்களில் பொழுது சாயும்வரை சுற்றினேன்.

திரும்பி வந்தால், கிணற்று ராட்டினம், கதவுச் சங்கிலி, பாத்திரங்களின் அடி என எல்லாவற்றிலும் பனியன் வேஸ்ட் துணி சுற்றியிருந்தது.

“கொலுசைக் கழட்ட மாட்டேன்னு புள்ள அழுதாளுங்க. அதான், அதுக்கும் சுத்தி உட்டுட்டனுங்க” என்றாள் மனைவி.

மாதங்கள் போயின. சத்தம் பழகியதும் கொலுசுத் துணியை நானே அவிழ்த்து, “நட கண்ணு” என்றேன்.

மகள் நுனிக்காலில்தான் நடந்தாள்.

அடி என் தலையில் மட்டும் பட்டதாக அதுவரை நினைத்திருந்தேன்.