சிங்கராசாவின் நாக்கு

விடிய ஐந்தரைக்கு முதல் வரிசை ஐஸ் கட்டிகள் மேலே வந்ததும் சிங்கராசா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குனிவார். கையில் கூரான ஒரு கம்பி இருக்கும். ஒவ்வொரு கட்டியின் தலையிலும், சரியாக நடுவில், ஒரு குத்து. நகத்தளவு சில்லுத் தெறிக்கும். அதை நாக்கில் வைத்து, கண்ணை மூடி, கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். அந்த நேரம் அங்கே யாரும் கதைப்பதில்லை. கேற்றுக்கு வெளியே மீன்பெட்டிகளோடு காத்து நிற்கும் படகுச் சம்மாட்டிமாரும் வாயிலிருந்த சுருட்டைக் கையில் எடுத்துவிடுவார்கள்.

"ஓம். திறவுங்கோ" என்பார். கேற் திறக்கும்.

தலைமன்னாரில் ரயில் பாதையை ஒட்டி நிற்கும் அவருடைய ஐஸ் ஆலையில் இருபத்தைந்து வருடமாக நடப்பது இது. நல்ல தண்ணீர் நிரப்பிய தகரங்களை உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கித்தான் ஐஸ் உறைய வைக்கிறார்கள். தகரத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் உப்பு உள்ளே போய்விடும். அப்படியான கட்டி பார்வைக்குச் சில நேரம் மற்றவை போலவே இருக்கும். மீன்பெட்டிக்குள் போட்டால் கொழும்பு ரயில் மதவாச்சி தாண்ட முன்னமே தண்ணீராகிவிடும். கொழும்பில் பெட்டியைத் திறக்கிறவன் மூக்கைப் பொத்துவான். கட்டியின் நடுப்பகுதிதான் கடைசியாக உறைவது. உப்பு அங்கேதான் போய் ஒதுங்கும். அதனால்தான் நடுவில் குத்துகிறார்.

"மெசினை நம்பலாம், தகரத்தை நம்பேலாது. தகரம் கள்ளன்" என்று சொல்லுவார்.

பத்தொன்பது வயதில் மன்னார்ப் பட்டினத்திலிருந்து மரத்தூளில் பொதிந்த ஐஸைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கடற்கரையில் கரைவலைக்காரரின் வாடிகளுக்கு மிதித்தவர் அவர். இப்போது வர்த்தகர் சங்கத்துக்குத் தலைவர். கூட்டத்துக்குப் போகும்போது மட்டும் வெள்ளை வேட்டியும் சப்பாத்தும் போடுவார். மேடையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசமாட்டார். செத்தவீட்டுக்கு அனுப்பும் ஐஸை மீன் லொறியில் ஏற்ற விடமாட்டார். தன் காரின் பின்சீற்றைக் கழற்றிவிட்டு, புதுச்சாக்கு விரித்து, தானே கொண்டுபோய் இறக்குவார். ஆனால் தன் தண்ணீரில் ஒருநாளும் ஐஸ் போட்டுக் குடித்ததில்லை. கேட்டால், "பல்லுக் கூசும்" என்பார்.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு எந்தக் கூட்டமென்றாலும் எழும்பி வீட்டுக்கு வந்துவிடுவார். மனைவி செலீனா தன் சோற்றுக் கோப்பையோடு எதிர்க் கதிரையில் இருந்த பிறகுதான் சோற்றில் கை வைப்பார். மீனில் முள் எடுப்பது அவர் வேலை. பிள்ளைகள் நாலு பேரும் சிறிசாக இருந்தபோது தொடங்கியது. மூத்தவள் கலியாணம் கட்டி, தாயாகி, வீட்டுக்கு வந்திருக்கும்போதும் அவளுடைய கோப்பையைத் தன் பக்கம் இழுத்து மீனில் முள் எடுத்துக்கொண்டிருப்பார். மருமகன் பார்த்துச் சிரித்தால், "உமக்கும் எடுத்துத் தரவோ?" என்று கேட்பார்.

அவர் நாக்கைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று சொல்லாமல் கொடுத்தாலும் குடித்துப் பார்த்துச் சொல்லிவிடுவார் என்பார்கள். அது உண்மைதான். செலீனாவுக்கு அது வேறு விதமாகத் தெரியும். கறியில் உப்பு ஒரு சொட்டுக் குறைந்தாலும் அவர் எதுவும் சொல்லமாட்டார். உப்புச் சிரட்டை இருக்கும் மூலையை ஒருதரம் பார்ப்பார். அந்தப் பார்வையை நம்பித்தான் அவள் முப்பத்திரண்டு வருடம் சமைத்தாள்.

இந்த வருடம் மாசியில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்து பத்து நாள் படுக்கையில் போட்டது. அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை செலீனா சொதிக்கு உப்புப் போட மறந்துவிட்டாள். தன் வாயில் வைத்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அவர் இரண்டாம் முறையும் சொதி விட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த கிழமை வேண்டுமென்றே ஒரு பிடி கூடப் போட்டாள். பிள்ளைகளுக்கு வேறாக எடுத்து வைத்துவிட்டு அவருக்கு அதைப் பரிமாறினாள். சாப்பிட்டார். கொஞ்சம் கூடத் தண்ணீர் குடித்தார். மூலையைப் பார்க்கவில்லை.

செலீனா அதை யாருக்கும் சொல்லவில்லை. மற்றவர்கள் கதைப்பதைக் கேட்டுக்கொண்டு கதவு நிலையோடு நிற்கிற பெண் அவள். சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்காக, செயலாளர் பெனடிக்ற் கொப்பியோடு வீட்டுக்கு வந்தபோதும் அப்படித்தான் நின்றாள். தலைவரின் வாழ்க்கையைப் பற்றி ஒரு கட்டுரை போடப் போவதாகவும், வீட்டுக்காரியிடம் இரண்டு சொல் கேட்க வேண்டும் என்றும் அவன் சொன்னான். முள் எடுக்கும் கதையை அவள் சொன்னாள். அவனுக்கு அது போதவில்லை.

"அன்ரி, அந்த நாக்கு விசயம் சொல்லுங்கோவன். அதைத்தான் எல்லாரும் வாசிப்பினம்."

"அது ஆலையிலை கேளுங்கோ தம்பி" என்று சொல்லிவிட்டு அவள் தேத்தண்ணீர் வைக்கப் போய்விட்டாள்.

காய்ச்சலுக்குப் பிறகு தகரம் எதுவும் ஒழுகாதது அவளுடைய அதிர்ஷ்டம். ஆடித் திருநாள் வரைக்கும்தான் அது நிலைத்தது.

மாதா கோயிலில் திருநாள் பூசை முடிந்து வெளியே வரும் சனத்துக்குச் சர்பத் கொடுப்பது சிங்கராசா வீட்டு உபயம். பெரிய அண்டாவில் சர்பத்தைக் கரைத்து, ஆலையிலிருந்து வந்த ஒரு முழுக்கட்டி ஐஸை உடைத்துப் போடுவார்கள். கிளாசைச் செலீனாதான் நிரப்பினாள். முதல் ஆள் குடித்துவிட்டு, கிளாசைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார், மிச்சத்தையும் குடித்துவிட்டுப் போனார். அடுத்தவரும் அப்படித்தான். ஒரு சின்னப் பெட்டை துப்பப் பார்க்க, தாய் அதன் வாயைப் பொத்தினாள். செலீனா ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தாள். கடற்தண்ணீரில் சீனி போட்டது போல இருந்தது.

சிங்கராசாவின் கையில் அப்போது ஒரு கிளாஸ் இருந்தது. ஒரே மூச்சில் குடித்தார்.

"இந்த முறை சர்பத் வடிவா வந்திருக்கு" என்று சத்தமாகச் சொன்னார்.

எருக்கலம்பிட்டி நுஃமான், சிங்கராசாவிடம் இருபது வருடமாக ஐஸ் எடுக்கும் மீன் வியாபாரி, வருடா வருடம் திருநாளுக்கு வருகிறவர், செலீனாவின் பக்கம் குனிந்து மெதுவாக, "அக்கா, சர்பத்தும் கொழும்புக்குப் போகுதோ? கருவாடு போடுற மாதிரிப் பதம் பண்ணியிருக்கிறியள்" என்றார். பகிடிதான். ஆனால் அவர் கண் சிரிக்கவில்லை. அடுத்த நாள் விடிய அவருடைய பதினெட்டுப் பெட்டி அறுக்குளா மீன் அந்த ஆலை ஐஸில்தான் ரயிலேற இருந்தது.

சிங்கராசா இரண்டாவது கிளாசைக் கேட்டு வாங்கினார். இந்த முறை மெதுவாகக் குடித்தார். குடித்துக்கொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். தான் குடிப்பது என்னவென்று மற்றவர்களின் முகத்தில் தேடுகிறார் என்பது செலீனாவுக்கு மட்டும் விளங்கியது. மிச்சத்தோடு கிளாசை அண்டாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அன்று பின்னேரம் முழுக்க அவள் கோழிகளுக்குத் தீன் போடுவதும் முற்றத்தைக் கூட்டுவதுமாக நின்றாள். நாக்கின் விசயத்தைச் சொன்னால், விடிய எழும்பிப் போக அவருக்கு ஒரு காரணமும் இராது. கேற்றுக்கு வெளியே சுருட்டைக் கையில் எடுக்கும் மனிதர்கள் இனி எடுக்கமாட்டார்கள். சொல்லாவிட்டால், ஒழுகும் தகரம் நாளைக்கும் அதே தொட்டிக்குள் இருக்கும். கடலில் கிடந்து பிடித்தவர்களின் மீன் ரயிலிலேயே பழுதாகிவிடும். கூட்டின இடத்தையே திரும்பவும் கூட்டினாள்.

விடிய ஐந்தேகாலுக்குச் செலீனா தேத்தண்ணீர்ப் போத்தலோடு ஆலை வாசலில் நின்றாள். அவள் அங்கே வந்து பத்து வருடமிருக்கும். வேலையாட்கள் கதிரை தேடி ஓடினார்கள். அவள் உட்காரவில்லை.

முதல் வரிசை மேலே வந்தது. சிங்கராசா குத்தினார். சில்லை நாக்கில் வைக்கப் போனவரிடம், "எனக்கும் ஒண்டு தாங்கோவன். விடியக் காலமையே வெக்கையாக் கிடக்கு" என்று கையை நீட்டினாள்.

அவர் அவளைப் பார்த்தார். கொடுத்தார். முதல் கட்டி, இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் அவள் வாய் மெல்ல அசைந்து நின்றுவிட்டது. துப்பவில்லை. விழுங்கினாள். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். அவ்வளவுதான்.

சிங்கராசா அந்தக் கட்டியில் கையை வைத்தார்.

"இதைப் புறம்பாய் வையுங்கோ. தகரத்தை வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாருங்கோ."

மெசின்காரச் செபமாலை தகரத்துக்குள் கொஞ்சத் தண்ணீரை ஊற்றித் தூக்கிப் பிடித்தார். கீழ் மூலையில் ஒரு துளி ஊறி, நின்று, விழுந்தது. கேற்றுக்கு வெளியே நின்ற நுஃமான், "அல்ஹம்துலில்லாஹ். எங்கட முதலாளியிட நாக்கு இன்னும் உசிரோடதான் இருக்கு" என்று பலத்துச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். சிங்கராசாவும் சிரித்தார்.

வீட்டுக்கு நடக்கும் வழியில், ரயில் பாதையைத் தாண்டியதும் சிங்கராசா கேட்டார்.

"நீர் எப்ப அறிஞ்சனீர்?"

"உப்பில்லாச் சொதியிலை."

"நான் காய்ச்சலிலையே அறிஞ்சனான். கண்ணாலை பிடிச்சுப் போடலாமெண்டு நினைச்சன்." கொஞ்சத் தூரம் போன பிறகு, "ஊருக்கே உப்புத்தண்ணி பருக்கிப்போட்டன், என்ன?" என்றார்.

"ஒருத்தரும் துப்பேல்லை" என்றாள் செலீனா.

வெள்ளிவிழா மலர் ஆவணியில் வந்தது. சப்பாத்துப் போட்ட படம், ஒரு முழுப் பக்கம். நல்ல குடும்பஸ்தர், வணிகத் தலைவர், ஊசிமுனை ஓட்டையையும் நாக்கால் கண்டுபிடிப்பவர் என்று பெனடிக்ற் அழகாக எழுதியிருந்தான். செலீனா அதை எழுத்துக்கூட்டி இரண்டுதரம் வாசித்துவிட்டு, மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

இப்போதெல்லாம் முதல் வரிசை மேலே வந்தாலும் சிங்கராசா குனிவதில்லை. கம்பியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு ரயில் பாதைப் பக்கம் பார்த்து நிற்பார். செலீனாவின் தேத்தண்ணீர்ப் போத்தல் கண்ணில் பட்டதும் குத்துவார். தெறித்த சில்லைப் பல்லால் இரண்டாகக் கடித்து, பெரிய பாதியை அவளுடைய உள்ளங்கையில் வைப்பார். மற்றதைத் தன் நாக்கில் வைத்துக்கொள்வார். கடல் பக்கம் திரும்புவதில்லை. கண்ணை மூடுவதும் இல்லை.